பெரட்டில் கூப்பிட்ட எண்கள்

அண்ணனின் இடது கையை அப்பா உடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் சோறு வடித்துக்கொண்டிருந்த நேரத்தில். அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தடுக்கவில்லை. அதைவிட வெட்கக்கேடு, அதற்கு முந்தின வாரம் நானே அவனை விறகுக் கட்டையால் அடித்திருந்தேன். என் தையல் மெஷினின் தலையைக் கழற்றிக்கொண்டு போய் லூனாஸ் டவுனில் விற்றுவிட்டு வந்திருந்தான். நெற்றி பிளந்து இரத்தம் வழிந்தபோதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. இன்னொன்று போட்டேன். அப்பாவைப் பற்றி நான் இங்கே எழுதுவதைப் படித்துவிட்டு, இவள் மட்டும் என்ன யோக்கியமா என்று யாராவது கேட்டால், இல்லை என்பதுதான் பதில். அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் வாய் பேசும் முன்னால் கை பேசிவிடும்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் தோட்டத்துக்குள் தூள் வந்தது. லூனாஸிலிருந்து சைக்கிளில் அரை மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய ரப்பர்த் தோட்டம் அது. ஈயத்தாளில் ஒரு சிட்டிகைத் தூளைப் போட்டு, அடியில் நெருப்புக் காட்டி, எழும்பும் புகையைக் குழல் வைத்து இழுப்பார்கள். முதலில் விளையாட்டுப் போல இருந்தது. பிறகு பால் வெட்டுகிற இளவட்டங்களில் பலர் மதியத்துக்கு மேல் மூக்கு ஒழுகக் கொட்டாவி விட்டுக்கொண்டு திரிந்தார்கள். வீடுகளில் சாமான்கள் காணாமல் போயின. தூள் விற்றால் தூக்கு என்று அரசாங்கம் சுவரில் படம் ஒட்டியது. படத்தில் இருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டே அதன் கீழே உட்கார்ந்து இழுத்தார்கள்.

அப்பா மண்டோர். விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் எல்லாரையும் நிற்க வைத்து எண்களைக் கூப்பிட்டு, யார் எந்த நிரையில் பால் வெட்டுவது என்று பிரித்துவிடுகிற வேலை. தூளுக்கு அவரிடம் ஒரு வைத்தியம் இருந்தது. பெரட்டுக் களத்தில் மணி தொங்கும் இரும்புக் கம்பத்தில் ஆளைக் கட்டிப்போடுவார். மூன்று நாள். முதல் நாள் உடம்பு நடுங்கும், கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டும். இரண்டாம் நாள் வாந்தியும் பேதியும் நின்ற இடத்திலேயே. எலும்புக்குள் யாரோ உளி வைத்து அடிப்பது போல இருக்கும் என்று அண்ணன் பின்னாளில் சொன்னான். கத்தினால் அடி. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்தக் கம்பத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். சிலர் காறித் துப்பினார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் வாளித் தண்ணீரை ஊற்றி அவிழ்த்துவிடுவார்.

அண்ணனைத்தான் முதலில் கட்டினார். கை உடைந்திருந்ததால் அந்தக் கையை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கட்டினார். நான்காம் நாள் அண்ணன் தலை குனிந்து வேலைக்குப் போனதைப் பார்த்து, கள்ளுக்கடையில் உட்கார்ந்து அப்பா பெருமையடித்துக்கொண்டார். அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று அவர் சொல்லச் சொல்ல, மற்ற அப்பன்மார்கள் தலையாட்டினார்கள். தினமும் மூன்று மங்கு கள்ளைக் குடித்துவிட்டுத் தள்ளாடி வருகிற மனுஷன். அவரைக் கட்ட ஒரு கம்பம் கிடையாது. அதன் பிறகு யார் வீட்டுப் பிள்ளை தூளில் விழுந்தாலும் அப்பாவிடம்தான் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஏழெட்டுப் பேரைக் கட்டியிருப்பார். அத்தனை பேரும் பதினைந்து நாளுக்குள் திரும்பவும் தூள் வாங்க லூனாஸுக்குப் போனார்கள். அண்ணனும் போனான். அப்பாவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டான், அவ்வளவுதான்.

எனக்கு அந்தச் சமயம் இருபத்திரண்டு வயது. பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். பினாங்கிலிருந்து ஒரு டாக்டர் வந்து, லூனாஸில் ஒரு கடைக்குப் பின்னால் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து, தமிழில் கேள்வி கேட்டு மலாயில் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். சீனர், இளவயது, என்னிடம் மலாயில்தான் பேசுவார். தூளை விட நினைப்பவர்களுக்கு ஒரு மருந்தைத் தினம் ஒரு மடக்குக் கொடுத்து, வாராவாரம் அளவைக் குறைத்துக்கொண்டே போவது. உடம்பு அந்த அளவுக்கு வதைபடாது. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த மருந்து, பாதிப் பேருக்கு வழக்கமான மாத்திரை. யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும். யார் தூள் பக்கம் போகாமல் இருக்கிறார்கள் என்று ஒரு வருடம் பார்ப்பதுதான் ஆராய்ச்சி. இது ஒரு வியாதி, இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி மாதிரி, என்று முதல் நாளே சொன்னார். இவருடைய தையல் மெஷினை யாரும் விற்கவில்லை, அதான் இப்படிப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

என் வேலை, சனிக்கிழமை தோறும் ஒவ்வொருவரிடமும் கேள்விகளைக் கேட்டு எழுதுவது, சிறுநீர்ப் புட்டியை வாங்கி எண் ஒட்டி வைப்பது. இந்த வாரம் எத்தனை நாள் இழுத்தாய், யாரோடு, ஊசி போட்டாயா, முதன்முதலில் உனக்குக் கொடுத்தது யார். டாக்டர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். எந்தக் காகிதத்திலும் பெயர் இருக்கக் கூடாது. ஆளுக்கு ஓர் எண். யார் எந்த எண் என்பது உனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

நான் புத்திசாலி என்று எனக்கு நினைப்பு. புதிதாக எண் போட்டால் குழம்பிவிடும், புட்டி மாறிவிடும். எங்கள் ஆட்களுக்குத்தான் ஏற்கெனவே எண் இருக்கிறதே. தோட்டத்தில் பேர் பதிந்த அன்றைக்கே செக்ரோல் என்கிற ஆள்கணக்குப் புத்தகத்தில் ஓர் எண் விழும். பால் வாளியில் சிவப்புச் சாயத்தில் அதுதான் இருக்கும். ஒரே பெயரில் நாலு பேர் இருக்கும் தோட்டத்தில் கூப்பிடுவதும் அதை வைத்துத்தான். கல்யாணத்துக்கு மொய் எழுதும்போதுகூடப் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண்ணைப் போடுவார்கள். அண்ணன் நாற்பத்தேழு. நான் அந்த எண்களையே போட்டேன். டாக்டர் என் தாளைப் பார்த்து, கையெழுத்து அழகாக இருக்கிறது, ஒரு புட்டிகூட மாறவில்லை என்று பாராட்டினார். அவருக்கு அவை வெறும் எண்கள். எங்களுக்கு அவை பெயரைவிடப் பெயர். அதை யோசிக்க எனக்குத் தோன்றவேயில்லை. மீன் தண்ணீரைப் பார்க்குமா.

அண்ணனைச் சேர்க்க மூன்று வாரம் ஆனது. கோபத்தில் திட்டினேன், அழுதேன், சோறு போட மாட்டேன் என்றேன். ஒரு மதியம் கிணற்றடியில் வாளியைக் கழுவிக்கொண்டே சொன்னான்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா இந்தத் தடவ அவுத்து விட மாட்டாரு பாப்பா. அந்தக் கம்பத்துலயே செத்துருவேன்."

"யாருக்கும் தெரியாதுண்ணே. பேரே எழுத மாட்டேன். நம்பரு மட்டும்தான்."

"சத்தியமா?"

அம்மா மேல் சத்தியம் செய்தேன். உறையைப் பிரித்தபோது அவனுக்கு மருந்து விழுந்தது.

ஆறு வாரத்தில் என் அண்ணன் எனக்குத் திரும்பக் கிடைத்தான். இதை மிகைப்படுத்தவில்லை. முதல் இரண்டு வாரம் எரிந்து எரிந்து விழுந்தான், ஒரு நாள் டாக்டர் அறையின் நாற்காலியைத் தூக்கிச் சுவரில் அடித்து உடைத்தான். பிறகு பசி வந்தது. இரண்டு தட்டுச் சோறு தின்றான். சரியாகச் சேராத இடது கையை வைத்துக்கொண்டே பால் வெட்டினான். என் மெஷின் தலையைத் தேடி லூனாஸ் முழுக்கப் பழைய சாமான் கடைகளில் அலைந்திருக்கிறான்; அது கிடைக்கவில்லை என்று என்னிடம் வந்து சொன்னபோது அழுதான். இந்த விஷயத்தில் என் தங்கச்சியை நம்பலாம், செத்தாலும் வாய் திறக்க மாட்டாள் என்று சொல்லி, தோட்டத்திலிருந்து இன்னும் ஒன்பது பேரை அவன்தான் கூட்டிக்கொண்டு வந்தான். மதியத்துக்கு மேல் பத்துப் பேரும் தனித்தனியாகச் சைக்கிளில் லூனாஸுக்குப் போவார்கள். படம் பார்க்கப் போகிறார்கள் என்று தோட்டம் நினைத்தது.

அந்த ஒன்பது பேரில் நான்கு பேர், முதலில் தூள் கொடுத்தது யார் என்ற கேள்விக்கு ஒரே பதிலைச் சொன்னார்கள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அந்தக் கேள்விக்கான தாளில் அந்த நான்கு எண்களுக்கும் நேராக நாற்பத்தேழு என்று எழுதினேன். எழுதிவிட்டு அன்று இரவு அண்ணனோடு பேசவில்லை. ஆனால் எழுதியது எழுதியபடியே இருந்தது. உண்மையைத்தான் எழுத வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தாள்களை அறையை விட்டு வெளியே எடுத்துப்போகக் கூடாது என்றும் அவர் சொல்லியிருந்தார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்கள் சொல்லச் சொல்லத் தமிழில் வேகமாகக் கிறுக்கிவிட்டு, வீட்டில் சாவகாசமாக உட்கார்ந்து மலாயில் அழகாகப் படி எடுப்பேன். கையெழுத்துக்குக் கிடைத்த பாராட்டு தலைக்கேறியிருந்தது. ஒரு சனிக்கிழமை திரும்பி வரும் வழியில் மழை கொட்டியது. பையோடு தாள்கள் நனைந்துவிட்டன. வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக் கட்டில் மேல் காயப் போட்டேன். கள்ளுக்கடை முடிந்து அப்பா வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று குளிக்கப் போனேன். மழை என்பதால் அவர் அன்று கள்ளுக்கடைக்கே போகவில்லை.

ஈரத் தலையோடு நான் உள்ளே வந்தபோது அப்பா கட்டிலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். எங்கள் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம் படித்தவர். பதினெட்டு வருடமாகத் தினமும் விடியலில் அந்த எண்களை வாசித்தவர். ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்கு விரலை வைத்துக்கொண்டு, பெரட்டில் கூப்பிடும் அதே குரலில், ஆனால் மெதுவாக, "பதினாலு. இருவத்தொம்போது. முப்பத்தொண்ணு" என்று வாசித்தார். அந்த நொடியில்தான் நான் செய்த காரியம் எனக்குப் புரிந்தது. நாற்பத்தேழு வந்ததும் நிறுத்தினார். என்னை அடிப்பார் என்று நின்றேன். அடிக்கவில்லை. ஒரு தாளை மட்டும் எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். நான் காலைப் பிடித்தேன். உதறிவிட்டுப் போனார்.

அண்ணனிடம் சொல்லி அவனை யான் ஊருக்கு, சித்தப்பா வீட்டுக்கு, அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். சொன்னால், நான் சத்தியத்தை உடைத்தது அவனுக்குத் தெரிந்துவிடும். அப்பா எடுத்துப்போனது எந்தத் தாளோ, ஒருவேளை விட்டுவிடுவாரோ, மகன் அல்லவா, என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஞாயிறு முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தேன். நம்பரை எழுதியது தெரியாமல் செய்த தவறு. இது தெரிந்தே செய்தது.

திங்கட்கிழமை விடியலில் பெரட்டில் அப்பா வழக்கமான வரிசையை விட்டுவிட்டு அந்தப் பத்து எண்களை மட்டும் கூப்பிட்டார். நிரை மாற்றுகிறார் என்று நினைத்து அவர்கள் முன்னால் வந்து நின்றார்கள். அண்ணனும் வந்தான். பின்னால் தோட்டத்து இளைஞர் மன்றத்து ஆட்கள் கயிறும், பால் வாளிகளைத் தோளில் தூக்கும் காண்டா கம்புமாக நின்றிருந்தார்கள். மண்டோர் மகன் என்றாலும் நியாயம் ஒன்றுதான் என்று அப்பா உரக்கச் சொன்னார். அடி விழ ஆரம்பித்தது. முழங்காலுக்குப் பின்னால், முதுகில், குனிந்தவன் கழுத்தில். ஒருவன் மருந்து குடிக்கிறேன், விட்டுவிட்டேன் என்று கத்தக் கத்த அவன் வாயிலேயே அடித்தார்கள். பல் தெறித்துக் களத்துச் செம்மண்ணில் விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன். அடிபட்டவர்களின் அம்மாக்களும் அங்கே இருந்தார்கள். சிலர் அழுதார்கள். சிலர், இன்னும் போடு, அப்போதுதான் புத்தி வரும் என்றார்கள்.

அதோடு முடிந்திருக்கும். மூன்று நாள் கட்டி வைத்துவிட்டு அவிழ்த்துவிட்டிருப்பார்கள். ஆனால் அப்பா குனிந்து கயிற்றை முடிச்சுப் போடும்போது சட்டைப் பையிலிருந்து தாள் நழுவியது. அடிபட்ட ஒருவனின் தகப்பன் அதை எடுத்துப் பிரித்தார். என் மகனுக்கு இதை யார் பழக்கினார்கள் என்று இரண்டு வருடமாகத் தோட்டம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த மனுஷன். என் தமிழ்க் கிறுக்கலில், மகனின் எண்ணுக்கு நேராக நாற்பத்தேழு என்று, எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாமல், அவருக்குப் பதில் கிடைத்தது. தாளைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். அவரும் அந்த நான்கு பேரில் ஒருவனின் தகப்பன்தான். பிறகு இருவரும் அண்ணன் பக்கம் திரும்பினார்கள்.

அவன் கம்பத்தில் கட்டப்பட்டிருந்தான். விழக்கூட முடியாது. நான்கு வீட்டு ஆட்கள் சேர்ந்துகொண்டார்கள். நான் உள்ளே புகுந்து ஒருவரின் கம்பைப் பிடித்தேன். கடித்தேன். என் மணிக்கட்டில் விழுந்த அடி அன்று எலும்பை உடைத்தது, மழைக்காலத்தில் இன்றைக்கும் குத்துகிறது. போதும், நிறுத்து என்று அப்பா கத்தியது கேட்டது. பதினெட்டு வருடமாக அந்தக் களத்தில் அவர் சொன்னதைத்தான் எல்லாரும் கேட்டார்கள். அன்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் அவர் அண்ணன் மேல் படுத்து மறைத்துக்கொண்டார். அவர் முதுகிலும் இரண்டு மூன்று விழுந்த பிறகுதான் அது மண்டோர் என்று தெரிந்து நிறுத்தினார்கள்.

தோட்டத்து லாரியில் ஏற்றினோம். அண்ணனின் தலை என் மடியில் இருந்தது. காதிலிருந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. லூனாஸ் எல்லை வருவதற்குள் ஒரு தடவை கண்ணைத் திறந்தான்.

"நம்பரு மட்டும்தானே எழுதுன, பாப்பா?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன். அப்படியென்றால் எப்படித் தெரிந்தது என்று யோசிப்பவன் போல என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

போலீஸ் வந்தது. களத்தில் நின்ற இருநூறு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதாகச் சொன்னார்கள். என்னிடம் கேட்டார்கள். யார் எந்த இடத்தில் நின்றார்கள், யார் கையில் என்ன இருந்தது என்று எனக்கு எண் எண்ணாகத் தெரியும். அப்பா வாசலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்களைக் கூப்பிட்டது யார், கயிறு கட்டியது யார் என்ற கேள்வி அடுத்து வரும். நான் எதையும் பார்க்கவில்லை என்றேன். அண்ணனுக்காகக் காப்பாற்றத் தெரியாத இரகசியத்தை அவனைக் கொன்றவர்களுக்காகக் காப்பாற்றினேன்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செக்ரோல் எண் என்றால் என்னவென்று அவருக்கு விளக்கவே அரை மணி நேரம் ஆனது. புரிந்ததும் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் கேட்டிருக்க வேண்டும் என்றார். என்னைத் திட்டுவார், துரத்துவார் என்று போயிருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மீதி ஒன்பது பேரில் யாரும் திரும்பி வரவில்லை. தாளில் ஒவ்வொருவருக்கும் நேராக, விலகிவிட்டார் என்று நானே எழுதினேன். வலது மணிக்கட்டில் கட்டு இருந்ததால் இடது கையால் எழுதினேன். என் வாழ்க்கையில் மிக மோசமான கையெழுத்து அதுதான்.

அதற்குப் பிறகும் ஆறு வருடம் அவரிடம் வேலை செய்தேன், வேறு தோட்டங்களில், கோத்தா கோலா மூடாவின் மீன்பிடிக் கிராமங்களில். எண்களை அவர்தான் போடுவார். யார் எந்த எண் என்ற தாள் பினாங்கை விட்டு வராது. வருகிறவர்களிடம், யாருக்கும் தெரியாது என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. முதல் நாள் உட்கார வைத்து என் அண்ணனின் கதையைச் சொல்வேன். சொல்லிவிட்டு, இனி நீங்கள் என்னிடம் பேசுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்பேன். சிலர் எழுந்து போவார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை.

அண்ணன் போன மூன்றாம் வாரம் அவனுடைய கடைசிப் புட்டியின் முடிவு வந்தது. அந்தச் சனிக்கிழமை, மழைக்கு முன்னால், சிரித்துக்கொண்டே என் கையில் கொடுத்துவிட்டுப் போன புட்டி. தூள் இல்லை என்று இருந்தது. அதற்கு முந்தின நான்கு வாரமும் அப்படியே. அந்தத் தாளைக் கொண்டுபோய் அப்பாவின் மடியில் வைத்து, நாற்பத்தேழுக்கு நேராக விரலை வைத்துக் காட்டினேன். அவருக்கு மலாய் வாசிக்க வராது. என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். சுத்தமாக இருந்தான், ஐந்து வாரமாகத் தொடவே இல்லை என்று போட்டிருக்கிறது என்றேன். கொடுத்த தாளை அவர் திருப்பித் தரவில்லை.

தோட்டத்தில் எண் சும்மா கிடக்காது. அடுத்த மாதம் பாலிங் பக்கத்திலிருந்து புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார், அவருக்கு நாற்பத்தேழைக் கொடுத்தார்கள். பெரட்டுச் சத்தம் எங்கள் வீட்டு அடுப்படி வரை கேட்கும். நான் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தேன். நாற்பத்தாறு என்றார் அப்பா. பதில் வந்தது. நாற்பத்தேழு என்றார். இருக்கேன் என்று அந்தப் புது ஆள் சொன்னார். அப்பா மறுபடியும் நாற்பத்தேழு என்றார். இருக்கேன் என்று அவர் இன்னும் சத்தமாகச் சொன்னார். அப்பா மறுபடியும் கூப்பிட்டார். எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது. ஆள் மாற்றி ஆள் சத்தம் போட்டும் அவர் நிறுத்தவில்லை என்றும், கடைசியில் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி வந்து அவர் கையிலிருந்து செக்ரோல் புத்தகத்தை வாங்கிக்கொண்டார் என்றும் பிறகு சொன்னார்கள்.